கோப்பியின் தர்க்க அறிமுகம்: ஒரு மதிப்பீடு

முதலாண்டு மாணவருக்கு எழுதப்படும் தர்க்க நூலை அதன் ஆசிரியரின் புலமையைக் கொண்டு எடைபோடக் கூடாது. எத்தனை பதிப்பு கண்டது, எத்தனை பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைத்தன என்பவையும் அளவுகோல் ஆகா. நூலைப் படித்து முடித்த மாணவர், அதில் இடம்பெறாத ஒரு வாதத்தைத் தனியே எதிர்கொள்ளும்போது என்ன செய்ய வல்லவராகிறார் என்பது ஒன்றே அளவுகோல். இதை மூன்று வினாக்களாகப் பிரிக்கலாம். உரைநடையில் கலந்து கிடக்கும் வாதத்தின் எடுகூற்றுகளையும் முடிவையும் அவரால் பிரித்தெடுக்க முடிகிறதா? அந்த முடிவு அந்த எடுகூற்றுகளிலிருந்து பெறப்படுகிறதா என்று தீர்த்துச் சொல்ல முடிகிறதா? எடுகூற்றுகளையே நம்புவதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கவும், முறையோடு விடை தேடவும் தெரிகிறதா?

இர்விங் கோப்பியின் 'இன்ட்ரொடக்ஷன் டு லாஜிக்' என்னும் நூலை இந்த மூன்று வினாக்களின் முன் நிறுத்துவது பொருத்தம். 1953இல் முதலில் வெளிவந்து, 14 பதிப்புகளையும் தாண்டி, கார்ல் கோஹன், கென்னத் மக்மஹன் ஆகியோரின் கைகளால் திருத்தம் பெற்று, இன்றும் வகுப்பறைகளில் இருக்கும் நூல் அது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலை மெய்யியல் மாணவர் தர்க்கத்துக்குள் நுழைவது இதன் வழியாகத்தான். நீண்ட நாள் நிலைத்துவிட்ட பாடநூல் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றத் தொடங்கும். அதனாலேயே அதைத் திரும்பத் திரும்ப எடைபோட வேண்டும்.

சிகாகோவில் ரஸ்ஸலிடம் பயின்ற கோப்பி, மிச்சிகனிலும் பின்னர் ஹவாயிலும் கற்பித்தவர். அவர் எழுத முற்பட்டபோது களம் வெறுமையாக இல்லை. சூசன் ஸ்டெபிங்கின் நூல் 1930இலும், மாரிஸ் கோஹனும் எர்னஸ்ட் நேகலும் சேர்ந்து எழுதிய நூல் 1934இலும், குவைனின் 'மெதட்ஸ் ஆஃப் லாஜிக்' 1950இலும் வந்துவிட்டன. ஸ்டெபிங்கிடம் மெய்யியல் ஆழம் உண்டு. பயிற்றுமுறையின் படிக்கட்டு இல்லை. கோஹன்–நேகலிடம் தர்க்கமும் அறிவியல் முறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. குறியீட்டுத் தர்க்கத்துக்கு அங்கே போதிய இடமில்லை. குவைனிடம் செறிவும் நேர்த்தியும் நிறைந்திருக்கின்றன. தொடக்க மாணவரின் தயக்கத்துக்கு அவர் இடம் கொடுப்பதில்லை. அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதம், வென்னின் வட்டப்படம், மெய்மை அட்டவணை, முறைநிறுவல், மில்லின் ஐந்து முறைகள் ஆகிய அனைத்தையும் ஓராண்டில் ஏறக்கூடிய ஒரே வரிசையில் அடுக்கியதுதான் கோப்பியின் சாதனை. புதிய கோட்பாடு எதையும் அவர் முன்வைக்கவில்லை. பாடநூலுக்கு அது குறையும் அன்று.

நூல் மொழி, உய்த்தறி முறை, தொகுத்தறி முறை என்னும் மூன்று பகுதிகளாக அமைகிறது. முதல் வினாவுக்கான விடை பெரும்பாலும் முதல் பகுதியிலும் பயிற்சிகளிலும் இருக்கிறது. பயிற்சிகளே இந்த நூலின் முதுகெலும்பு. நாளிதழ்த் தலையங்கம், நீதிமன்றத் தீர்ப்பு, மெய்யியலாளரின் பத்தி, அறிவியலாளரின் விளக்கம் என்று உண்மையான எழுத்துகளிலிருந்து எடுத்த பகுதிகள் எளியதிலிருந்து கடியதற்கு ஏறிச் செல்கின்றன. ஆசிரியர் தாமே புனைந்த செயற்கை வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பிறர் உண்மையிலேயே வாதிட்ட பத்திகளைக் கொடுப்பதில் ஒரு கொள்கை இருக்கிறது: தர்க்கம் மனிதர் வாதிடும் இடங்களில் வேலை செய்ய வேண்டும். அந்தக் கொள்கையில் கோப்பி உறுதியாக நிற்கிறார்.

ஆனால் அந்த எழுத்துகள் பெரும்பாலும் அமெரிக்கப் பொதுவாழ்விலிருந்து வந்தவை. அங்கே வழக்கத்தில் உள்ள வாதங்களின் பின்னணி தெரியாத மாணவர், சொல்லாமல் விடப்பட்ட எடுகூற்றைக் கண்டுபிடிக்கத் திணறுகிறார். அந்தத் திணறலுக்குக் காரணம் தர்க்க அறியாமை அன்று; ஊரறியாமை. இந்தக் குறை நூலுக்கு உரியது அன்று, அதை மாற்றமின்றி எடுத்தாளும் பாடத்திட்டத்துக்கு உரியது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கற்பிப்பவர் பயிற்சிப் பத்திகளைத் தம் மொழியின் தலையங்கங்களிலிருந்தும் சட்டமன்ற உரைகளிலிருந்தும் தாமே திரட்ட வேண்டும். அதைச் செய்யாமல் வரையறைகளை மட்டும் எழுதிப்போடும் வகுப்பு, நூலின் சிறந்த பாதியைத் தொடாமலே விட்டுவிடுகிறது.

இரண்டாம் வினாவில்தான் கோப்பியின் வலிமை முழுதாகத் தெரிகிறது. ஒரு சான்றை அருகில் வைத்துப் பார்ப்போம். 'சிறகுள்ள யானைகள் யாவும் சிறகுள்ளவை. சிறகுள்ள யானைகள் யாவும் யானைகள். ஆகவே சில யானைகள் சிறகுள்ளவை.' மரபான தர்க்கத்தில் இது மூன்றாம் உருவத்தின் ஏற்கப்பட்ட வடிவம். இடைக்காலத்தார் இதற்கு 'தராப்தி' என்று பெயரும் இட்டனர். கோப்பியின் மாணவர் வென்னின் மூன்று வட்டங்களை வரைகிறார். இரண்டு எடுகூற்றுகளும் சில பகுதிகளை நிழலிட்டு வெறுமை என்று காட்டுகின்றன. எந்தப் பகுதியிலும் ஒன்று இருப்பதாகக் குறியிடுவதில்லை. முடிவோ ஒரு குறியைக் கேட்கிறது. ஆகவே வாதம் செல்லாது. 'எல்லா' என்று தொடங்கும் கூற்று எதுவும் இருப்பதாக உறுதி சொல்வதில்லை என்ற பூலின் கொள்கையை ஏற்றவுடன் மரபு ஒப்புக்கொண்ட 24 வடிவங்களில் 15 மட்டுமே தேறுகின்றன. இரண்டு பொதுக்கூற்றுகளிலிருந்து சிறப்புக்கூற்று பெற முடியாது என்று முக்கூற்று வாதத்துக்குக் கோப்பி தரும் ஆறாவது விதி இந்த இடத்திலிருந்து பிறக்கிறது.

இங்கே முறை, பொருள், வரலாறு மூன்றும் ஒரே பயிற்சியில் கூடுகின்றன. அரிஸ்டாட்டிலுக்கும் பூலுக்கும் இடையிலான வேறுபாட்டை, எடுத்த எடுப்பில் தன் கையால் வரைந்த படத்திலேயே மாணவர் காண்கிறார். விதியை மனப்பாடம் செய்தவருக்கும் அந்த விதி ஏன் வேண்டியிருந்தது என்று அறிந்தவருக்கும் உள்ள தூரத்தை இந்த இயல் கடக்கச் செய்கிறது. இதைவிடத் தெளிவாக இப்பொருளைத் தொடக்க நிலையில் சொன்ன நூல் அரிது.

முறைநிறுவலுக்கு அவர் தரும் 19 விதிகளையும் இதே நோக்கில் மதிப்பிட வேண்டும். ஒன்பது அடிப்படை வாத வடிவங்கள், பத்து மாற்றீட்டு விதிகள் என்ற இந்தத் தொகுப்பு சிக்கனமானது அன்று. பின்பகுதியை மறுத்து முன்பகுதியை மறுக்கும் விதியை, இடமாற்ற விதியும் முன்பகுதியை ஏற்கும் விதியும் சேர்ந்தே தந்துவிடும். தேவைக்கு மேல் விதிகள் இருப்பதைக் கணிதவியல் நோக்குடையோர் குறை என்பர். கற்பித்தல் நோக்கில் அது நிறை. மனிதர் இயல்பாக எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு விதி நேராகக் கிடைக்கிறது. நிறுவல் சிந்தனையின் நடையை ஒத்துச் செல்கிறது. சிக்கனத்தை அவர் அறிந்தே விட்டுக்கொடுத்து, இயல்பை வாங்கியிருக்கிறார். பேரம் நியாயமானது.

நியாயமற்ற பேரம் ஒன்றும் இதே பகுதியில் நடக்கிறது. 'ஆனால்', 'ஆயின்' என்று இணையும் நிபந்தனைக் கூற்றுகள் பல வகை. தர்க்க விளைவைச் சொல்பவை, வரையறையைச் சொல்பவை, காரணத்தைச் சொல்பவை, பேசுபவரின் தீர்மானத்தைச் சொல்பவை என்று கோப்பி வகைப்படுத்துகிறார். இவை அனைத்துக்கும் பொதுவான பொருட்பகுதி ஒன்று உண்டு: முன்பகுதி மெய்யாகவும் பின்பகுதி பொய்யாகவும் ஒருங்கே இருக்க முடியாது என்பது. அந்தப் பொதுப்பகுதியை மட்டும் குறியீட்டுக்குள் கொண்டுவருகிறேன் என்கிறார். நேர்மையான அறிவிப்பு. நிபந்தனைக் கூற்று எடுகூற்றாக நிற்கும் வாதங்களுக்கு இது போதும். ஏனெனில் வலிமை குறைந்த பொருளிலிருந்தே முடிவு பெறப்பட்டால், வலிமை கூடிய பொருளிலிருந்தும் அது பெறப்படும்.

நிபந்தனைக் கூற்று மறுக்கப்படும் இடத்துக்கு வருவோம். ஊரில் ஒருவர் ஒரு நாட்டு மருந்தைப் புகழ்கிறார். இன்னொருவர், 'அவர் இந்த மருந்தைச் சாப்பிட்டால் குணமாவார் என்பது சரியல்ல' என்று மறுக்கிறார். நூலின் விதிகளை வைத்துக்கொண்டு மாணவர் நான்கே அடிகளில், உட்கிடை விதி, டி மார்கன் விதி, இரட்டை மறுப்பு, பிரித்தெடுத்தல் வழியாக, 'அவர் மருந்தைச் சாப்பிட்டார்' என்ற முடிவுக்கு வந்துவிடலாம். நிறுவலில் எந்தப் பிழையும் இல்லை. முடிவையோ எவரும் ஏற்கமாட்டார். மறுத்தவர் மருந்தின் ஆற்றலைத்தான் மறுத்தார். யாரும் அதைச் சாப்பிட்டதாகச் சொல்லவில்லை. பொருளைக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானது என்ற நியாயம் மறுப்புக்குள் நுழைந்ததும் தலைகீழாகிறது: உள்ளே இருப்பதை மெலிதாக்கினால் அதன் மறுப்பு கனமாகிறது.

இது நுணுக்கத்துக்காகச் சொல்லும் குறை அன்று. அன்றாட விவாதத்தில் நாம் அதிகம் மறுப்பது நிபந்தனைக் கூற்றுகளைத்தான்: இந்தச் சட்டம் வந்தால் விலை குறையும், இந்தத் திட்டம் வந்தால் வேலை பெருகும் என்பவற்றை. இந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை நட்டிருக்க வேண்டிய நூல், பொதுப்பகுதி போதும் என்ற நம்பிக்கையோடு கடந்துபோகிறது. குறியீட்டு முறையின் எல்லையை அது தொடங்கும் இடத்திலேயே சொல்லிவிடுவது முறையின் மதிப்பைக் குறைக்காது. கற்பவரின் நம்பிக்கையைக் கூட்டும்.

போலிவாதங்கள் பற்றிய இயல் நூலிலேயே அதிகம் வாசிக்கப்படுவது; நூலிலேயே உறுதி குறைந்ததும் அதுவே. ஆளைத் தாக்குதல், கும்பலை நாடுதல், அதிகாரத்தை நாடுதல், முடிவையே எடுகூற்றாக்குதல் எனப் பட்டியல் பதிப்புக்குப் பதிப்பு மாறியும் மறுவகைப்பட்டும் வந்திருக்கிறது. 1970இல் சார்ல்ஸ் ஹாம்பிளின் 'ஃபாலசீஸ்' நூலில் இத்தகைய பாடநூல் மரபு முழுவதையும் விசாரணைக்கு உட்படுத்தினார். தமக்கென ஒரு கோட்பாடு இல்லாமல், பழைய பட்டியலையும் பழைய எடுத்துக்காட்டுகளையும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக் கைமாற்றுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். கோப்பியின் நூலும் அந்த விசாரணையில் இருந்தது. தீர்ப்பு பெரிதும் நியாயமானதே.

முடிவையே எடுகூற்றாக்கும் போலியை எடுத்துக்கொள்வோம். சரியானதுபோல் தோன்றிச் சரியாக இல்லாத வாதமே போலி என்பது நூலின் பொது வரையறை. 'அ மெய், ஆகவே அ மெய்' என்ற வாதமோ செல்லுபடியாகும். அதைவிட உறுதியாகச் செல்லுபடியாகும் வாதம் கிடையாது. நூலும் இதை ஒப்புக்கொண்டு, ஆயினும் அது பயனற்றது என்று சேர்க்கிறது. அப்படியானால் சரியான வாதத்துக்குச் செல்லுபடியைத் தவிர வேறோர் இலக்கணமும் வேண்டும். கேட்பவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதிலிருந்து அவர் இன்னும் ஏற்காததற்கு நகர்த்துவதே அது. அந்த இலக்கணம் உரையாடலைச் சார்ந்தது. வடிவத்தை மட்டும் சார்ந்தது அன்று. கோப்பி அதைப் பயன்படுத்துகிறார், வகுத்துரைப்பதில்லை. விளைவு, மாணவர் போலிகளின் பெயர்களை ஒட்டும் வேகத்தைக் கற்கிறார், ஒட்டக் கூடாத இடத்தில் நிறுத்தக் கற்பதில்லை. சாட்சியின் நம்பகத்தைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரையும், எதிராளியின் சாதியைச் சொல்லி வாயடைப்பவரையும் ஒரே பெயரால் அழைப்பவர் தர்க்கம் கற்றவர் ஆகார். நூல் இந்த வேறுபாட்டைத் தொடுகிறது. தொட்டுவிட்டு அடுத்த போலிக்குப் போய்விடுகிறது.

மூன்றாம் வினாவில் நூலின் அடிப்படைத் தீர்மானம் வெளிப்படுகிறது. முதல் இயலிலேயே கோப்பி செல்லுபடியையும் மெய்மையையும் பிரிக்கிறார். எடுகூற்றுகள் மெய்யா என்று சோதிப்பது பொதுவாக அறிவியலின் பணி, தர்க்கத்தின் பணி அன்று என்று எல்லை போடுகிறார். தர்க்கம் எல்லாத் துறைகளிலும் நுழைந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கேட்பதில்லை. அந்த அளவில் இந்த எல்லை அடக்கமானது. ஆனால் மெய்யியல் வகுப்பின் வாசலில் நிற்கும் மாணவருக்கு அது ஒரு கதவைச் சாத்துகிறது. நாம் எதை எப்படி அறிகிறோம் என்ற வினா எந்த அறிவியல் துறைக்கும் உரியது அன்று. மெய்யியலின் முதல் வினா அது.

தொகுத்தறி முறைப் பகுதி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஒப்புமை வாதங்களை எடைபோடும் அளவுகோல்கள் தெளிவானவை. மில் 1843இல் வகுத்த முறைகளை விளக்கி, அவற்றின் வரம்புகளையும் காட்டும் விதம் சமநிலை உடையது. எனினும் கடந்தது எதிர்காலத்துக்குச் சான்றாவது எப்படி என்ற ஹ்யூமின் வினா இந்தப் பகுதியின் மையத்தில் இல்லை. 1912இல் ரஸ்ஸல் எழுதிய 'த ப்ராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி'யின் ஆறாம் இயல் அந்த வினாவை ஒரு சில பக்கங்களில் மாணவரின் நெஞ்சில் இறக்கிவிடுகிறது. ஆசிரியரிடம் இருந்த அந்தக் கூர்மை மாணவரின் நூலில் இந்த இடத்தில் மட்டும் மழுங்கியிருக்கிறது.

இந்தக் குறை தவிர்க்க முடியாததா? வேறு வழியில் எழுதப்பட்ட தொடக்க நூல் ஒன்றோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் தொடக்க மாணவருக்கென்றே எழுதிய 'தர்க்க சங்கிரகம்' அப்படிப்பட்டது. அங்கே அனுமானம் தனித்த வடிவக் கலையாக வருவதில்லை. காட்சி, அனுமானம், ஒப்புமை, சொல் ஆகிய நான்கு அளவைகளில் ஒன்றாக, அறிவின் கோட்பாட்டுக்குள் வருகிறது. மலையில் நெருப்பு உண்டு, ஏனெனில் புகை உண்டு. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களைபோல் என்பது அதன் நிலையான எடுத்துக்காட்டு. இதைத் திருப்பி, நெருப்பு உண்டு ஆகவே புகை உண்டு என்றால் ஏன் தவறு? காய்ச்சிச் சிவந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது. ஈர விறகின் சேர்க்கையும் வேண்டும். இந்த மறைந்திருக்கும் நிபந்தனைக்கு 'உபாதி' என்று பெயர்.

கோப்பியின் மாணவர் இதே தவறைப் பின்பகுதியை ஏற்கும் போலி என்று வடிவத்தால் அடையாளம் காண்பார். அடையாளம் சரியானது, உடனடியானது. அன்னம்பட்டரின் மாணவர் ஈர விறகைத் தேடுவார். தேடல் மெதுவானது, ஆனால் எடுகூற்றின் மெய்மையைச் சோதிக்கும் கருவி அவர் கையில் இருக்கிறது. ஒருவர் வாதத்தை நிராகரிக்கக் கற்கிறார். மற்றவர் அதைத் திருத்தக் கற்கிறார். பிறர் சொல்லை நம்புவது பற்றியும் இதே வேறுபாடு. கோப்பியிடம் அது முதன்மையாகப் போலிகளின் பட்டியலில், விதிவிலக்குகளோடு வருகிறது. அன்னம்பட்டரிடம் நம்பத்தக்கவரின் சொல் அறிவுக்கான ஒரு வாயில். நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிறர் சொல்லிக் கேட்டவையே என்பதால், இரண்டாவது இடமே பொருத்தமானது.

சமநிலை கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தர்க்க சங்கிரகம் அனுமானத்துக்கு வருமுன் ஏழு பதார்த்தங்களையும், ஒன்பது திரவியங்களையும், 24 குணங்களுள் பலவற்றையும் ஏற்கச் சொல்கிறது; ஒலி ஆகாயத்தின் குணம் என்பது உட்பட. அடிப்படையை ஏற்காதவருக்கு அதன் மேல் நிற்கும் தர்க்கமும் ஆட்டம் காணும். வேத வாக்கு இறைவன் சொன்னதாகையால் முழுவதும் பிரமாணம் என்று அது ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அளவைகளை வகுத்த நூல், இங்கே அளவையின் கடமையிலிருந்து விலகிக்கொள்கிறது. பயிற்சிகள் இல்லை, மலையும் நெருப்பும் தாண்டி மாணவர் தம் காலத்து வாதங்களுக்குச் செல்ல வழி காட்டப்படவில்லை. மனப்பாட நூலாக அது ஒடுங்கிப்போனதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். கோப்பியின் இடத்தில் அதை முழுதாக வைப்பது ஒரு குறைக்குப் பதில் மூன்று குறைகளை வாங்குவதாகும்.

தமிழில் கற்பிப்பவர்க்கு இந்த ஒப்பீடு அயலானதும் அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி பத்து என 33 போலிகளை வகுத்துரைக்கிறார். அதில் 'என் தாய் மலடி' போலத் தன் சொல்லோடு தானே முரண்படும் பக்கமும் இருக்கிறது. ஒலி செவிக்குப் புலப்படாது என்று காட்சியோடு முரண்படும் பக்கமும் இருக்கிறது. அதாவது, ஏதுவைப் பார்க்குமுன்பே, நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று நிறுவத் தகுந்ததா என்ற சோதனை நடக்கிறது. கோப்பியின் பட்டியலில் இந்தச் சோதனைக்குத் தனி இடமில்லை. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற அமைப்பில் மெய்கண்டார் தம் சிவஞான போதத்தை நடத்தியதும், அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதியை அளவையிலிருந்து தொடங்கியதும் இந்த மரபின் தொடர்ச்சி. பழமையைக் காட்டிப் பெருமை கொள்ள இவற்றைச் சொல்லவில்லை. கோப்பி விட்ட இடத்தை நிரப்பும் கருவிகள், பயன்படும் நிலையில், கையருகே இருக்கின்றன என்பதே செய்தி.

இனித் தீர்ப்பு. வாதத்தைப் பிரித்தறியும் முதல் வினாவில் கோப்பி சிறக்கிறார். பயிற்சிப் பத்திகளைத் தம் மண்ணிலிருந்து எடுக்கும் ஆசிரியர் கையில் மேலும் சிறப்பார். செல்லுபடியைத் தீர்க்கும் இரண்டாம் வினாவில், நிபந்தனைக் கூற்றின் ஒரு முக்கியமான விரிசல் நீங்கலாக, அவர் நூல் தொடக்கக் கல்விக்கு உயர்ந்த தரத்தை நிறுவியிருக்கிறது. எடுகூற்றுகளை ஆராயும் மூன்றாம் வினாவில் அவர் போதவில்லை. போதாமை திறமைக் குறைவால் வந்ததன்று, தாமே வரைந்த எல்லையால் வந்தது.

ஆகவே உய்த்தறி முறைப் பகுதியை முழுதாக, எந்தப் பயிற்சியையும் விடாமல் கற்பிக்க வேண்டும். நிபந்தனைக் கூற்றின் மறுப்பை வகுப்பிலேயே செய்து காட்டி, குறியீடு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். போலிகள் இயலை ஹாம்பிளினின் கேள்விகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெயரிடுவதற்கு மதிப்பெண் தராமல், பெயரிடுவதற்கான காரணத்துக்குத் தர வேண்டும். தொகுத்தறி முறைக்கு முன்னால் ரஸ்ஸலின் ஆறாம் இயலும், அதனோடு தர்க்க சங்கிரகத்தின் அனுமானப் பகுதியும் மணிமேகலையின் போலிப் பட்டியலும் வைக்கப்பட வேண்டும். இந்தத் துணைகளோடு கோப்பியின் நூல் முதலாண்டுக்குத் தகுதியானது. தனித்து நின்றால் அது நல்ல தர்க்கப் பயிற்சி மட்டுமே. மெய்யியலுக்கு அறிமுகம் என்ற பெயரை அதற்குத் தர முடியாது.